புதுக் கொங்கடி (தெலங்கானாக் கம்பளிப் போர்வை) அட்டை மாதிரி விறைப்பு, கழுத்தில் குத்தல்

விறைப்பு பழுதில்லை, புளியங்கொட்டைப் பசை. தெலங்கானாவில் கொங்கடி நெய்யும்போது பாவு நூல் (தறியில் நெடுக்காக ஓடும் நூல்) அறாமலிருக்க அதைப் பூசுவார்கள்.

சந்தேகமென்றால் ஒரு மூலையை நனைத்து, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழத்தால் பசையேதான்.

எடுப்பதற்கு: அண்டாவில் பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் ஊறட்டும். கையால் அமுக்கி அலசி, வழவழப்பு போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். முறுக்காமல் நிழலில் கிடத்திக் காயவையுங்கள். வெந்நீர், வாஷிங் மெஷின் இரண்டும் ஆகாது. கம்பளி சுருங்கி இறுகிவிடும், பிறகு விரியாது.

குத்தல் வேறு சங்கதி. கொங்கடிக்கு எடுக்கும் தக்காணச் செம்மறியின் மயிரே முரடு, எத்தனை அலசினாலும் மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி ஆகாது. கழுத்தோரம் பருத்தித் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் போர்த்தத்தான் வாங்கினீர்களென்றால் அலசவே வேண்டாம். விறைப்பாக இருந்தால்தான் உடம்பில் ஒட்டாமல் கூடாரம்போல் நிற்கும்.