உத்திரத் தேக்கில் கிட்டார் நெக் செய்யலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று சொல்லிச் செய்யப் போகிறேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வடிவம், 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). பாடிக்கு மரம் முடிவாகிவிட்டது. நெக்குக்கு, அதாவது இடது கை பிடிக்கிற கழுத்துப் பகுதிக்கு, என்ன போடலாம் என்று செய்பவர் என்னையே கேட்கிறார். மேப்பிள் என்றால் சத்தம் கணீரென்று இருக்கும், மகாகனி என்றால் இதமாக இருக்கும் என்கிறார்கள். இதற்கு நடுவில் தாத்தா வீட்டை இடித்ததில் ஒரு பழைய தேக்கு உத்திரம் சும்மா கிடக்கிறது. அதையே போட்டால் என்ன?
வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போடலாம். உத்திரத்தின் எந்த இடத்திலிருந்து அறுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சத்தத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். 10-46 செட் கம்பியை (மெல்லியது 0.010 அங்குலம், தடித்தது 0.046) மாட்டி ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் வைத்தால் ஆறு கம்பியும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கும். ராத்திரி பகல், மழை வெயில், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவது ஃபிங்கர்போர்டையும் (கம்பிகளுக்குக் கீழே நெக்கின் மேல் ஒட்டுகிற பலகை) சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள ஒரு குச்சி. மேப்பிள் எவ்வளவு கெட்டி, இதற்கு எதற்குத் தனியாக டிரஸ் ராட் (வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் வைக்கிற உலோகத் தண்டு) என்று நினைத்த கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950-ல் எஸ்குவயர் கிட்டாரின் முதல் உருப்படிகளை ராட் இல்லாமலே வெளியே விட்டார். நெக் வளைகிறது என்று புகார் வரவே அந்த வருடம் முடிவதற்குள் இரும்பு ராட் உள்ளே போய்விட்டது. ஆகவே எந்த மரமாக இருந்தாலும் ராட் வேண்டும், அதில் பேரம் வேண்டாம். அதிலும் இரண்டு பக்கமும் வேலை செய்கிற டபுள் ஆக்‌ஷன் ராட் என்றால், நெக் பின்பக்கம் சாய்ந்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது மரத்துக்கு வருவோம். ஒரு கன மீட்டர் மேப்பிள் சுமார் 700 கிலோ, தேக்கு 650, மகாகனி 590. எடையில் தேக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஈரத்துக்கு அசைவதில் மேப்பிளைவிடத் தேக்கு எவ்வளவோ மேல். பச்சை மரம் முழுசாகக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் மேப்பிள் கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கும், தேக்கு 5-க்குச் சற்று மேல்தான், மகாகனி இன்னும் கொஞ்சம் கம்மி. வளையத்துக்குக் குறுக்கே பார்த்தால் எல்லா மரமும் இதைவிடக் குறைவாகத்தான் சுருங்கும், மேப்பிளிலும் தேக்கிலும் ஏறக்குறைய பாதி. அதனால்தான் கட்டையின் நுனிவெட்டைப் பார்க்கச் சொல்கிறேன்: வளையக் கோடுகள் ஃபிங்கர்போர்டு ஒட்டும் முகத்துக்கு நேர்குத்தாக நின்றால் நல்லது. படுக்கைக் கோடாக இருந்தால் கெட்டதா என்றால், இல்லை, ஃபெண்டர் நெக்குகளில் பெரும்பாலானவை அப்படி அறுத்தவைதான், இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் கையில் முழு உத்திரமே இருக்கும்போது நேர்குத்துக் கட்டையை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் எடுக்க வேண்டும்?

உத்திரத்தின் நடுக்குருத்து உள்ள பகுதியைத் தொடவே வேண்டாம், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஓரத்து வெள்ளையையும் கழித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைரம் பாய்ந்த இடத்தில் 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கணு இல்லாமல், ஆணி அடித்த தழும்பு இல்லாமல் ஒரு துண்டு பாருங்கள். பழைய வீட்டு மரத்தில் தலை ஒடிந்த ஆணி உள்ளேயே புதைந்திருக்கும், அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிவிடுங்கள், மில்காரரின் பிளேடு தப்பிக்கும். அப்புறம் நார் ஓட்டம். கழித்துப் போட்ட துண்டில் ஒரு சாண் நீளம் எடுத்து, நுனியில் உளி வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். பிளவு ஓரத்துக்கு இணையாக நேரே இறங்கினால் கட்டை சரி. பாதி வழியில் பக்கவாட்டில் விலகி வெளியேறினால், நெக்கிலும் நார் அப்படித்தான் அறுபட்டு நிற்கும், அந்தக் கட்டையில் கதவுக்குக் கைப்பிடி செய்துகொள்ளுங்கள்.

ஐம்பது வருடம் காய்ந்த மரம்தானே, இன்றைக்கு அறுத்து நாளைக்கு இழைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய கட்டையிலிருந்து சின்னத் துண்டை எடுத்ததும் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு அறுத்து, சில வாரம் காற்றோட்டமாக நிறுத்தி வையுங்கள். பிறகு இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு நேரான குச்சி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து பார்த்தால் முறுக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், ஆசாரிகள் கதவு நிலைக்குப் பார்ப்பது போலத்தான். லேசான வளைவை இழைத்து எடுத்துவிடலாம். முறுக்கு இருந்தால் அந்தக் கட்டையை நம்பாதீர்கள், டிரஸ் ராட் முறுக்கைத் திருத்தாது.

தேக்கில் ஒரே தொந்தரவு எண்ணெய். ஃபிங்கர்போர்டு ஒட்டும்போது இரண்டு முகத்தையும் புதிதாகச் சீவி, அசிட்டோனில் துடைத்து, அது காய்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டச் சொல்லுங்கள். வார்னிஷும் சில சமயம் காயாமல் பிசுபிசுக்கும், முதலில் ஒரு கை ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடித்தால் அந்தப் பிரச்சினை வராது. இல்லை, வெறும் எண்ணெய்ப் பூச்சோடு விட்டாலும் தேக்கு பொறுத்துக்கொள்ளும். மேப்பிளுக்கு அந்தப் பேச்சே கிடையாது, அதை நன்றாக மூடாவிட்டால் அழுக்கையும் ஈரத்தையும் குடித்துவிடும்.

சரி, சத்தம். நெக்குக்கு அதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் மூன்றாவது கம்பியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃபிரெட் (ஃபிங்கர்போர்டில் பதித்த குறுக்குக் கம்பி) பக்கம் ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து ஆடி, கம்பியின் சக்தியைத் தின்றுவிடுகிறது. ஹெட்ஸ்டாக்கில் (கம்பியை முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி) ஒரு சின்ன கிளாம்பைக் கவ்வ விட்டு வாசித்துப் பாருங்கள், செத்த இடம் நகர்ந்துவிடும். ஆனால் எந்தக் கட்டையில் அது எங்கே வரும் என்று மரக்கடையில் தட்டிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கணீர், இதம் என்கிற பேச்செல்லாம், பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் என் காதுக்குக் காணாமல் போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் எஸ்டேட்டில் ஈட்டி மரம் உண்டு. முழு நெக்கையும் ஈட்டியிலேயே செய்தால் உசத்தியாக இருக்குமா?
வாசகர், கூடலூர்

பதில்: பார்க்க உசத்தி, தொட்டால் இன்னும் உசத்தி. வார்னிஷே தேவையில்லை, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கன மீட்டருக்கு 830 கிலோ. பாடி லேசாக இருந்தால் கையை எடுத்ததும் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துத் தொங்கும், இடது கை அதைத் தூக்கிப் பிடித்தபடியே வாசிக்க வேண்டியிருக்கும். 1969 ஜனவரி 30-ல் லண்டனில் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது பாடி, நெக் எல்லாமே ஈட்டியால் ஆன ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டார். ஆசையாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உங்கள் தோளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. ஈட்டியைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் போட்டார்கள். 2017 ஜனவரியிலிருந்து ஈட்டிக் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. 2019 கடைசியில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், பலகைக்கு அந்த விலக்கு இல்லை. எஸ்டேட்டில் விழுந்து கிடந்த மரம்தானே என்று யாராவது கொடுத்தாலும், வனத்துறை அனுமதியும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் ஈட்டியை 6 மில்லிமீட்டர் ஃபிங்கர்போர்டாக மட்டும் போடுங்கள், அதன் அருமை தெரிகிற இடமும் அதுதான்.

கேள்வி: வறுத்த மேப்பிள் என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அது வெறும் விளம்பரமா?
வாசகர், சென்னை

பதில்: விளம்பரம் பாதி, விஷயம் பாதி. காற்றில்லாத சூளையில் 180 டிகிரிக்கு மேல் சுடும்போது மரத்தில் ஈரத்தை உறிஞ்சுகிற பகுதிகள் சிதைந்துவிடுகின்றன, பிறகு அது காற்றிலுள்ள ஈரத்தை முன்போல் குடிக்காது. வெளிநாட்டு ஆலையில் 6 முதல் 8 சதவீத ஈரப்பதத்தில் செய்த சாதாரண நெக், சென்னைக் காற்றில் 12, 13 சதவீதம் வரை ஏறும், அதனால் உங்கள் ஊருக்கு அந்தக் கூடுதல் காசு வீண் போகாது. கொஞ்சம் நொறுங்கும் தன்மை வந்துவிடும் என்பதால் ஸ்க்ரூ போடும் ஓட்டையை அளவாகத் துளைத்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும். 2011-ல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் கிட்டார் ஆலைகளில் சோதனை போட்டு இந்திய ஈட்டிப் பலகைகளை எடுத்துப் போனபிறகு, அந்த நிறுவனமே கொஞ்ச காலம் வறுத்த மேப்பிளை ஃபிங்கர்போர்டாகப் போட்டது.

கேள்வி: கிப்சனின் லெஸ் பால் வகைக் கிட்டாருக்கு மகாகனி நெக் கேட்டிருக்கிறேன். கீழே விழுந்தால் ஹெட்ஸ்டாக் ஒடிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?
வாசகர், மதுரை

பதில்: பயம் நியாயமானதுதான், பழி மட்டும் மரத்தின் மேல் போடக் கூடாது. அந்த வகையில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். ஒரே கட்டையில் குடைந்தால் சாய்கிற இடத்தில் நார் குறுக்கே அறுபட்டு நிற்கும், போதாததற்கு டிரஸ் ராட் நட்டுக்காக அங்கேயே ஒரு பள்ளமும் பறிக்கிறார்கள். ஹெட்ஸ்டாக்கைத் தனித்துண்டாகச் சாய்வாக அறுத்துத் திருப்பி ஒட்டுகிற ஸ்கார்ஃப் ஜாயிண்ட் போடச் சொல்லுங்கள், நார் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும். ஒட்டுக்கோடு தெரிகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். இங்கே தோட்டங்களில் சீக்கிரம் வளர்த்து வெட்டுகிற மகாகனியில் வெள்ளை அதிகம், விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வீணைக்குப் பலா மரம் போடுகிறார்களே, கிட்டார் நெக்குக்கும் போடலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீணையின் தண்டி (கழுத்து) உள்ளே குடைந்தது, நல்ல பருமன் உள்ளது. அந்தப் பருமனை வைத்துப் பலாவின் பலத்தைக் கிட்டாருக்குக் கணக்குப் போட முடியாது. ஆசை இருந்தால் நடுவில் ராட், அதன் இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை வைத்துச் செய்து பார்க்கலாம், பிடி மட்டும் வழக்கமான கிட்டார் பிடியைவிட இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் போதும்.