‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் எந்தப் பள்ளி?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை தன் மகனைக் கட்டணமே இல்லாத ‘பப்ளிக் ஸ்கூலில்’ சேர்த்திருக்கிறாள். எங்கள் ஊரில் அதே பெயர்ப்பலகை மாட்டிய பள்ளியிலோ, எல்.கே.ஜி.யில் சேர்க்கவே நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்து இளவரசர்கள் படித்த ஈட்டனும் பப்ளிக் ஸ்கூல்தானாம். ஒரே பெயருக்கு ஏன் இத்தனை பொருள்?
- வாசகி, ஈரோடு

பதில்: இங்கிலாந்திலிருந்து தொடங்கினால்தான் இந்த முடிச்சு அவிழும். வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது செல்வர்களின் வழக்கமாக இருந்த காலத்தில், எந்த ஊர்ப் பிள்ளையும் வந்து சேரலாம் என்று வாசல் திறந்திருந்த, தனியொருவரின் லாபத்துக்காக அல்லாமல் அறக்கட்டளைப் பொறுப்பில் நடந்த பள்ளிகளையே அங்கே ‘பப்ளிக்’ என்றார்கள். மன்னர் ஆறாம் ஹென்றி 1440-இல் ஈட்டனை நிறுவியபோது, 70 ஏழைச் சிறுவர்கள் இலவசமாகப் படிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால், நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, பணம் கட்டிப் படிக்க வந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருகப் பெருக, பள்ளி அவர்களுடையதாகிவிட்டது. இன்று படிக்கும் ஏறத்தாழ 1,300 பேரில், போட்டித் தேர்வில் வென்று அந்த 70 இடங்களைப் பெறும் மாணவர்கள் சீருடைக்கு மேல் கறுப்பு அங்கி அணிந்து வருகிறார்கள். பள்ளியின் முழு ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. 1868-இல் ஈட்டன், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட 7 பள்ளிகளுக்கென நாடாளுமன்றம் பப்ளிக் ஸ்கூல் சட்டம் இயற்றியதும், பெயர் அந்த வட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏழைகளுக்கென வைத்த கொடை இப்படிக் கைமாறிப்போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதே தீவின் வடக்கே, ஸ்காட்லாந்தில், 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரிப்பணத்தில் நடந்த ஊர்ப் பள்ளியே பப்ளிக் ஸ்கூல். பழைய பள்ளிக் கட்டடங்களின் வாசலுக்கு மேல் கல்லில் அந்தப் பெயர் செதுக்கியிருப்பதை இன்றும் காணலாம்.

அமெரிக்காவிலும் அதே பொருள்தான். மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளராக 1837-இல் பொறுப்பேற்ற ஹோரஸ் மான், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரிப்பணத்தில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று வாதாடியவர். உங்கள் தங்கை மகன் படிப்பது அந்த வழியில் வந்த அரசுப் பள்ளி. கட்டணம் இல்லையே தவிர, அங்கே வீட்டுவரியின் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. குடியிருக்கும் முகவரியை வைத்தே பள்ளி அமைவதால், நல்ல பள்ளி உள்ள பகுதியில் வாடகையும் ஏறிவிடுகிறது.

நம் நாட்டுக்கு வந்தது இங்கிலாந்தின் பொருள். 1935-இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளி அந்த முன்மாதிரியில் அமைந்தது. பிறகு கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் பலவும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன. உங்கள் ஊர்ப் பலகையும் அவ்வாறு வந்ததே.

தமிழில் இதைப் ‘பொதுப்பள்ளி’ என்று பெயர்ப்பது தவறு. ஏழை, பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இல் பரிந்துரைத்த முறைக்கு உரிய பெயர் அது. நியூஜெர்சிப் பள்ளியை அரசுப் பள்ளி என்றும், ஈட்டனையும் உங்கள் ஊர்ப் பள்ளியையும் தனியார் பள்ளி என்றும் சொல்லுங்கள்.