பால் கணக்கு மட்டும் எப்படித் தப்பாமல் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 31. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் வேலை. வருடா வருடம் ஜனவரி 1 அன்று, நகைக்கடையில் கொடுக்கிற டைரியின் முதல் பக்கத்தில் அந்த வருடம் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதுவேன். சி.எம்.ஏ. என்கிற கணக்கியல் படிப்பில் இன்டர் தேர்வு முடிப்பது, எடை குறைப்பது, பத்து பவுன் சேர்ப்பது என்று இந்த முறை 14 இருக்கிறது. பொங்கல் தாண்டினால் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. "இதுக்குப் பதிலா பால் கணக்கு எழுதலாம்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார், இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர், மற்ற 97 சதவீதம் பேரும் சேர்த்து வைத்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஆபீஸ் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எழுதுவதில் நிஜமாகவே பயன் இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் மன உறுதி போதவில்லையா? டைரிப் பக்கங்களின் போட்டோ இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் அந்த யேல் கதையை முடித்துவிடுவோம். 1953-ல் படிப்பை முடித்தவர்களிடம் எடுத்த ஆய்வு என்று சொல்வார்கள், சில பேர் ஹார்வர்டு என்பார்கள். 1996-ல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற அமெரிக்கப் பத்திரிகை இதன் மூலத்தைத் தேடிப் போனது. மேடைக்கு மேடை சொல்லி வந்த பேச்சாளர்கள் ஆளுக்கு இன்னொருவரைக் கை காட்டினார்களே தவிர ஆய்வைக் காட்ட யாராலும் முடியவில்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று யேலும் சொல்லிவிட்டது. எனவே அந்த 3 சதவீதத்தில் நாம் இல்லையே என்ற கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதற்காக எழுதுவதே வீண் என்று ஆகிவிடாது. கலிபோர்னியாவின் டொமினிக்கன் பல்கலைக்கழகத்தில் கெயில் மேத்யூஸ் என்ற உளவியல் பேராசிரியர், இந்தக் கட்டுக்கதையைப் பார்த்துவிட்டு உண்மையாகவே ஒரு ஆய்வு செய்தார். 149 பேர், நான்கு வாரம். மனதுக்குள் நினைத்துக்கொண்டவர்களைவிட எழுதியவர்கள் அதிகம் முடித்திருந்தார்கள், அவர்களிலும் வாராவாரம் ஒரு நண்பருக்கு 'இவ்வளவு ஆச்சு' என்று தகவல் அனுப்பியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அவரவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்தான், சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த வாராந்தரத் தகவல் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். முதல் பக்கம் அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு, பிள்ளையார் சுழி. பிப்ரவரிப் பக்கத்தில் '4 - அரை லி. கூடுதல், 9 - வரவில்லை, 10 - ஒரு லி.' என்று நீலப் பேனாவில் கிறுக்கல். ஒரு நாள்கூட விடவில்லை! மன உறுதி இல்லாதவர் எழுதுகிற கணக்கா இது? பால் கணக்கு ஏன் தப்புவதில்லை என்று யோசித்துப் பாருங்கள்: அன்றன்றைக்கு எழுதுகிறீர்கள், அரை வரியில் முடிகிறது, வராத நாளையும் கூச்சப்படாமல் 'வரவில்லை' என்று போடுகிறீர்கள், அப்புறம் மாதக் கடைசியில் கணக்குக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். முதல் பக்கத்துக்கு இதில் எதுவும் இல்லை, அதை எழுதியதோடு வேலை முடிந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் பாதி உங்களுடையது இல்லையோ என்றும் எனக்குச் சந்தேகம். எதையோ தேடப் போய் ஒரு நாள் என் பழைய டைரிகளை எடுத்தேன். மூன்று வருட டைரியிலும் இரண்டாவது வரி 'வீணை கற்றுக்கொள்ள வேண்டும்'. மூன்று வருடத்தில் ஒரு வீணையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வீணை வாசிக்க ஆசை இல்லை, வீணை தெரிந்தவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எழுதி வைத்திருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது, இன்னும் பத்து வருடம் குற்ற உணர்ச்சியோடு திரிந்திருப்பேன். அடித்துவிட்டேன். உங்கள் 14-லும் அப்படி அடிக்க வேண்டியவை இருக்கும். ஏழாவதாக 'மாமியாரிடம் கோபப்படக் கூடாது' என்று இருக்கிறதே, அதை முதலில் அடியுங்கள், அதெல்லாம் எழுதி வைத்து நடக்கிற காரியமா.

மிஞ்சுவதில் ஒன்று சி.எம்.ஏ. என்று வைத்துக்கொள்வோம். 'இன்டர் முடிப்பது' என்று எழுதினால் எட்டு பேப்பரும் ஒரே மலையாகத் தெரியும். 'டிசம்பர், முதல் குரூப், நான்கு பேப்பர்' என்று எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல் எப்போது, எங்கே என்பதையும் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1997-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அனுப்பினார்கள், குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வேலை ஒன்றுதான், ஆட்களும் ஒரே மாதிரிதான். 'காலை 5 மணி, பால் வந்ததும், சமையலறை மேஜை' என்பது 'தினமும் படிப்பேன்' என்பதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, நினைத்தது அப்படியே நடக்காவிட்டால்? பேஸ்பால் ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானி, ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி முதலாண்டில் 81 கட்டம் போட்ட தாள் ஒன்றை நிரப்பினார். நடுக்கட்டத்தில் பெரிய ஆசை: தொழில்முறை அணிகளில் எட்டு அணி தன்னை முதல் ஆளாகக் கேட்க வேண்டும். சுற்றிலும் எட்டுத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சின்ன வேலை. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பந்து வீசுவது அதில் ஒரு தலைப்பு, அதிர்ஷ்டமும் ஒரு தலைப்பு, அதற்குக் கீழே குப்பை பொறுக்குவது, அறையைச் சுத்தம் செய்வது, நடுவரிடம் ஒழுங்காக நடந்துகொள்வது என்று எழுதியிருந்தார் (அதிர்ஷ்டத்துக்கு வேலை எழுதிய இந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது). 2012 கோடையில் 160-ஐத் தொட்டுவிட்டார். ஆனால் அந்த வருடம் அணிகள் ஆள் எடுத்தபோது, நேராக அமெரிக்கா போகப் போகிறேன் என்று அவர் அறிவித்திருந்ததால், அவரைக் கேட்டது ஒரே ஒரு அணி. நடுக்கட்டம் பொய்த்துப்போனது, சுற்றியிருந்த கட்டங்கள் அவரோடு போயின. நீங்கள் எழுத வேண்டியதும் அந்தச் சுற்றுக் கட்டங்களைத்தான்.

ஆகவே புது டைரி வாங்காதீர்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு கிழித்து 'படிப்பு' என்று போடுங்கள். படித்த நாளில் எத்தனை பக்கம் என்று எழுதுங்கள், படிக்காத நாளில் 'வரவில்லை'. பால்காரருக்குக் காசு கொடுக்கிற அன்று இதையும் கூட்டி ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார் என்றால் கூட வேலை பார்க்கிற தோழி போதும், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம், ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம். பத்து பவுனை அடுத்த வருடம் பார்க்கலாம், இப்போது விற்கிற விலையில் அது என்னிடம் கேட்கிற கேள்வியே இல்லை.

டிசம்பர் தேர்வு முடிந்ததும் எழுதுங்கள். முடிவு எப்படி வந்தாலும் பரவாயில்லை, பால் கணக்குப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.