நாலு மாதக் கரை

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் லண்டனுக்கு வெளியே, கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு நேரோபோட்டில், அதாவது ஒடுங்கி நீண்ட படகு ஒன்றில், வாழ்கிறோம். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாதவர்கள் 14 நாளுக்கு ஒருமுறை நகர வேண்டும் என்பது இங்கே சட்டம். மூன்று வருடம் அப்படியே ஓடினோம். இந்த முறை முடியவில்லை. நவம்பர் தொடங்கி பெப்ரவரி முடியும்வரை ஒரே இடத்தில் நிற்கக் காசு கட்டி, குளிர்காலத் துறை ஒன்று எடுத்திருக்கிறோம். வந்து மூன்று கிழமை ஆகிறது. கரி அடுப்பு எரிகிறது. குளிர் வராமல் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டோம், ஆனாலும் ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிகிறது. பக்கத்துப் படகுக்காரர்களின் பெயர்கூடத் தெரியாது. மார்ச் வந்தால் ஆளுக்கொரு திசை, பழகி என்ன செய்ய? தோற்றுப்போய் நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. வெள்ளவத்தையில் அம்மா எப்போது வீடு வாங்குவீர்கள் என்று கேட்டபடியே இருக்கிறார். இந்த வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதினால் புத்தகம் ஆகுமா? இந்த நாலு மாதத்தை எப்படிக் கழிப்பது?

சு.

அன்புள்ள பிள்ளை,

முதலில் எழும்பிப் போய் அந்தத் துணிகளை இழுத்து எடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். இப்படி அடைத்துக்கொண்ட இரும்புக் கூட்டுக்குள் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையா இது? அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி படகில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். ஜன்னலில் வழிகிற தண்ணீரும் அந்தத் துணியால் கூடுகிறது. உங்கள் இருவரின் மூச்சும் கேத்தலின் ஆவியும் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகின்றன.

அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

'தோற்றுப்போய்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. சென்ற கிழமை அப்பாவின் திவசம். எங்கள் ஊரான உடப்புக்குப் போய்விட்டு பஸ்ஸில் கொழும்பு திரும்பும்வரை அவர் நினைவாகவே இருந்தது. முகத்துவாரத்தில் வீட்டுக்குள் கால் வைத்தால் உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

உடப்பு கரைவலை ஊர், கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கிற தொழில். மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் செப்டெம்பர்வரை எங்கள் கடலில் வலை வளைக்க முடியாது. அப்போது வலையையும் கயிற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் அவருடைய ஆட்களும் கிழக்குக் கரையில் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி, அதாவது பருவத்துக்கான மீனவர் குடிசை, போடுவார்கள். அந்தக் கடல் அந்த மாதங்களில் குளம்போலக் கிடக்கும். ஒக்டோபரில் இங்கே அலை அடங்கும், அங்கே வாடைக்காற்றுக்கான அறிகுறி தெரியும், திரும்பி வருவார்கள். எங்கள் தோணி ஒன்று அத்தனை மாதமும் ஊர் மணலில் கிடுகு போர்த்திக் கிடக்கும். அதைப் பார்த்து ஒருவரும் தோற்றுக் கிடக்கிறது என்று சொன்னதில்லை. எங்கள் ஆச்சி அதைக் கடந்து போகும்போதெல்லாம் அணியத்தில், அதன் முன்முனையில், கை வைத்துத் தொட்டுக்கொண்டுதான் போவார்.

எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர்தான் உண்மையான படகுக்காரர் என்று உங்களுக்கு யார் சொன்னது? அப்படி ஒருவர் எந்தக் கரையிலும் இருந்ததில்லை. கொழும்புத் துறைமுகத்தையே எடுங்கள். 1875இல் தென்மேற்கு அலைத்தடுப்புக்கு அடிக்கல் வைத்து 1885இல் கட்டி முடித்தார்கள். அதற்கு முன்னே இது திறந்த கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இங்கே நிற்பது ஆபத்து என்று பெரிய நீராவிக் கப்பல்களே தெற்கே காலி நகரத்துத் துறையைத்தான் நம்பியிருந்தன. அந்த மாலுமிகள் எல்லாம் கோழைகளா? உங்கள் கால்வாய்தான் என்ன செய்கிறது? குளிர்காலத்தில்தான் அங்கே படகுகளை ஏற்றி இறக்குகிற லொக் கதவுகளை மூடி, தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கிறார்கள். 1962-63 குளிரில் அந்தக் கால்வாய்கள் வாரக்கணக்காக உறைந்துபோய், சரக்குப் படகுக் குடும்பங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கால்வாயே நிற்கிற காலத்தில் நீங்கள் மட்டும் ஏன் ஓட வேண்டும்? நிற்கிற காலம் தொழிலின் பாதி. கயிறு திரிப்பதும் வலை பொத்துவதும் பலகை இடுக்கில் பஞ்சு அடிப்பதும் அப்போதுதான். இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, வாடிக்கு வருகிறேன். எனக்குப் பத்து வயதில், ஓகஸ்ட் விடுமுறைக்கு அப்பாவோடு போய் இருந்தேன். போன முதல் நாள் வாடி போட்டதாக அப்பா சொன்னதே இல்லை. ஒரு பை பச்சையரிசியும் ஊர்ப் பனங்கட்டியும் எடுத்துக்கொண்டு அந்தக் கரையில் குடியிருந்த மூன்று வீடுகளுக்குப் போவாராம். இந்த வருடம் நீரோட்டம் எந்தப் பக்கம், பாறை எங்கே மணலில் தெரிகிறது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் இல்லை என்று இரவுவரை இருந்து கேட்டுவிட்டு, அவர்கள் காட்டிய இடத்தில்தான் அடுத்த நாள் கம்பு நடுவார். (இன்று அந்தக் கரைகளில் வெளியிலிருந்து வந்து வாடி போடுவது பெரிய பிரச்சினை. உள்ளூர் மீனவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

வாடி முடிந்த கையோடு பூவல் தோண்டுவார். மணலில் இடுப்பளவு பள்ளம், பக்கம் சரியாமல் இருக்க அடி இல்லாத தகர பீப்பா ஒன்று. முதலில் கலங்கலாக ஊறும். இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் அடி மணல் தெரியும். நான் போனபோது அதிலிருந்து சிரட்டையில் ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, அதே சிரட்டையை என்னிடம் நீட்டினார். ஐந்து மாதத்துக்குத்தானே, ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, குடி என்றார். பருவம் முடிந்து லொறி வந்த அன்று பூவலை மண் போட்டு மூடவும் இல்லை. மேலே இரண்டு கிடுகு பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டு வந்தாராம். மாடு மேய்க்கிற பிள்ளைகள் குடிப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. 1984க்குப் பிறகு அவர் அந்தக் கரைக்குப் போகவே இல்லை. கடைசிக் காலத்தில், நினைவு தவறியபோதும், அந்த மூன்று வீட்டுக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்.

நீங்கள் மூன்று கிழமையாகப் பக்கத்துப் படகில் இருப்பவரின் பெயர் தெரியாமல் இருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, பிள்ளை. மார்ச்சில் பிரியப்போகிறவர் என்றால் இப்போதே பேச வேண்டாமா? இரவில் உங்கள் கயிறு அறுந்தால் முதலில் காண்பவர் அவர்தான். அடுப்பில் புகை திரும்பினால் கதவைத் தட்டப்போகிறவரும் அவர்தான். நாளைக்கு ஒரு தட்டில் ஏதாவது சுட்டு எடுத்துக்கொண்டு போங்கள். குளிர் கடுமையானால் கரையிலுள்ள தண்ணீர்க் குழாய் உறையுமா, உறைந்தால் வேறெங்கே பிடிப்பது, வேகமாகப் போகிற படகுகள் கயிற்றை எவ்வளவு இழுக்கும் என்று கேளுங்கள். அங்கே நாலு குளிர்காலம் கண்டவர் ஒருவர் இல்லாமலா போவார்?

இங்கே அந்தி இடிமழை தொடங்கிவிட்டது. மீன்பிடித் துறையில் படகுகளை நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் என் மேசைவரை கேட்கிறது.

துணியை எடுத்தாயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பக்கத்துப் படகுக்காரரின் பெயரையும் எழுதுங்கள்.