ஜவ்வைத் தைக்க டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. விளையாடும்போது முழங்கால் திரும்பி, மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற ஜவ்வு கிழிந்துவிட்டது. வெளி ஓரத்தில் கிழிந்திருப்பதால் தைக்கலாம் என்கிறார் டாக்டர். கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தால் செலவும் குறைவு, சீக்கிரம் வேலைக்கும் போகலாம் என்கிறார் நண்பர். நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை. மூன்று மாதச் செலவுக்குப் பணமும் ஒரு டெபாசிட்டும் இருக்கின்றன. டெபாசிட்டை உடைப்பதா, கடன் வாங்குவதா?

பதில்: தைப்பதா வெட்டுவதா என்பது டாக்டரின் முடிவு. பணத்துக்காக மட்டும் வெட்டும் பக்கம் சாயாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் ஒட்ட வாய்ப்பு அதிகம். வெட்டி எடுத்த முழங்காலில் காலப்போக்கில் தேய்மானம் வருவதை 1948-லேயே ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். 34 வயதில் இன்று மிச்சம் பிடிப்பது, ஐம்பதுகளில் மூட்டு மாற்றுச் செலவாகத் திரும்பி வரலாம்.

நண்பர் சொன்னதில் ஒன்று உண்மை. வெட்டினால் பெரும்பாலும் சில வாரங்களில் நடமாடலாம். தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஊன்றுகோலும் பிரேஸும் தேவைப்படலாம். நிற்கும் வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதமாவது ஆகும், விளையாட இன்னும் அதிகம். ஆகவே ஆஸ்பத்திரி பில்லைவிட, சம்பளம் வராத மாதங்கள்தான் உங்களுக்குப் பெரிய செலவு. அந்த மூன்று மாதப் பணத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். அறுவை சிகிச்சைக்கு அதில் கை வைக்க வேண்டாம்.

சரி, பில்லுக்கு? முதலில் இன்சூரன்ஸ். பேச்சுவழக்கில் மெனிஸ்கஸையும் தசைநாரையும் ஜவ்வு என்றே சொல்கிறோம். அதனால் குழப்பம் வராமல், முன் அனுமதிக் கடிதத்தில் எது கிழிந்தது, என்ன செய்யப் போகிறார்கள் என்பது எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ளபடியே இருக்கட்டும். உள்ளே பார்த்த பிறகு தைக்க முடியாமல் வெட்ட நேரிடுவதும் உண்டு. இரண்டுக்கும் எஸ்டிமேட் வாங்குங்கள். தைக்கப் பயன்படும் பொருட்களுக்குத் தனி விலை போடுவார்கள். அதை பாலிசி ஏற்கிறதா, வீடு திரும்பிய பிறகான பிசியோதெரபிக்கு எத்தனை நாள் வரை பணம் தருவார்கள் என்று கேளுங்கள். பாலிசி இல்லையென்றால், கிழிந்ததை மறைத்து இப்போது புதிதாக எடுக்காதீர்கள். பின்னால் வேறு நோய்க்குக் கேட்கும் பணமும் நின்றுபோகலாம்.

மீதித் தொகைக்கு டெபாசிட்தான். முன்கூட்டியே உடைத்தால் கொஞ்சம் வட்டி போகும். தனிநபர் கடனின் வட்டி வழக்கமாக அதைவிடப் பல மடங்கு. முதிர்வு நெருங்கிவிட்டதென்றால் டெபாசிட்டின் மேலேயே கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேளுங்கள். முழுவதையும் காலி செய்யாதீர்கள். தைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வருடங்கள் கழித்தாவது, தையல் பலனளிக்காமல் போகிறது.

பணம் இறுகும்போது பலர் முதலில் நிறுத்துவது பிசியோதெரபியை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம், தேதி குறிப்பதற்கு முன் உங்கள் மேலாளரிடம் பேசி, சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு, திரும்பியதும் சில வாரம் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.