கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. அன்று வலி தெரியாததால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு தொகையைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள், சகோதரி. அந்தத் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வரி இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், பிறகு ஸ்கேனில் தட்டு விலகல் (கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு நகர்ந்திருப்பது) தெரிந்தாலும் மீண்டும் பணம் கேட்பது மிகக் கடினம். வலியோடு இருப்பவரை இப்படி அவசரப்படுத்துவது எனக்குக் கோபமூட்டுகிறது.

பின்னால் இடிபடும்போது தலை சட்டென்று பின்னும் முன்னும் வீசப்படும். கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இழுபடும். வலி ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டுவது சகஜம். அன்று சொன்ன வார்த்தையை நினைத்துக் குமைய வேண்டாம்.

இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறுமனே 'கழுத்து வலி' என்று சீட்டில் எழுதினால் போதாது. விபத்து நடந்த தேதி, வண்டி பின்னாலிருந்து இடித்தது, வலி தொடங்கிய நாள், கை மரத்துப்போகிறதா என்பதெல்லாம் அதில் பதிவாக வேண்டும். வலிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்றுதான் முதலில் வாதாடுவார்கள். அதற்கு இந்தச் சீட்டே பதில். பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

விபத்து நடந்த இடத்துக் கேமரா பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடும். இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். வழக்குத் தொடரும் காலக்கெடுவை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.