மதர்போர்டை மாற்றுமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேள்வி: கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர், ஐ3-12100எஃப் பிராசஸர். போன மாதம் மகனுக்காக ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டோம். கேம் ஆரம்பித்த சில நிமிடங்களில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மற்ற நேரங்களில் பிரச்சினை இல்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக்கும் அடிக்கிறது. என்ன செய்வது? (வாசகர், தேனி)

பதில்: மதர்போர்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். மற்ற வேலைகளில் ஒழுங்காக ஓடி, கேம் போட்டால் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான், அதாவது வீட்டுக் கரண்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி மேல். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

அது கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். அதை விடுங்கள். அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனை நம்பித்தான் ஓடுகின்றன. உங்கள் கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும், பிராசஸருக்கு உச்சத்தில் 89. ஆக 259 வாட். ஃபேன், ஹார்ட்டிஸ்க் எல்லாம் தனி. அப்புறம் எப்படித் தாங்கும்? மீதி வாட்டெல்லாம் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாத 3.3, 5 வோல்ட் லைன்களில் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது. ஸ்டிக்கரில் என்ன எண்ணை அச்சடித்தாலும் கேட்பாரில்லை என்பதுதான் நம் ஊர் நிலைமை.

இரண்டாவது படம் இன்னும் மோசம். கார்டுக்குக் கரண்ட் போகும் 8 பின் சாக்கெட்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வயர் வரவில்லை. பழைய ஹார்ட்டிஸ்க்குக்குப் போகும் நாலு பின் பிளக் (மோலெக்ஸ்) இரண்டைக் கன்வெர்ட்டரில் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். அந்த 8 பின் 150 வாட் வரை இழுக்கலாம் என்பது விதி. கன்வெர்ட்டரின் மெல்லிய வயர் அதற்குச் சூடாகும், பிளாஸ்டிக் உருகவும் கூடும். இன்றே கழற்றுங்கள். இந்த வேலையைச் செய்தவர்தான் இப்போது மதர்போர்டு போச்சு என்கிறார்!

80 பிளஸ் பிரான்ஸ் (80 Plus Bronze, கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) முத்திரையுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையக் கூடாது, கார்டுக்கான 8 பின் வயர் அதிலேயே இருக்க வேண்டும். "கேபினெட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம்" என்றால் கேபினெட்டை மட்டும் கொடுங்கள் என்று சொல்லுங்கள். கொட்டேஷனில் நல்ல கம்பெனி பெயரைப் போட்டுவிட்டு உள்ளே வேறொன்றை மாட்டுவதும் நடக்கிறது. அதனால் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். நாளைக்கு வாரண்டிக்குப் போனால் கடை சர்வீஸ் சென்டரைக் காட்டும், அங்கே பில்லைக் கேட்பார்கள். பில் இருந்தாலே அலையவிடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கப்படும் டெல், எச்பி டெஸ்க்டாப்புகளில் பலவற்றுக்குக் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் சேராது. மதர்போர்டில் வழக்கமான 24 பின் பவர் சாக்கெட்டுக்குப் பதில் 6 அல்லது 8 பின் இருக்கும். ஒல்லியான மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவே வேறு, ஸ்குரூ ஓட்டைகூடப் பொருந்தாது. கன்வெர்ட்டர் கிடைத்தாலும் உள்ளே வைக்க இடமிருக்காது. கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்ற எண்ணத்தில் அவற்றை வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கட்டும்.

ஷாக் வேறு கதை. புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் போகாது. உள்ளேயிருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய கசிவை எர்த்துக்கு அனுப்பும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அது கேபினெட் தகரத்திலேயே நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சரியாகும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். நியூட்ரலிலிருந்து ஒரு வயரை இழுத்து எர்த் பின்னில் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.